பிளாப்பியின் மறுபக்கம்

அந்த பிளாப்பி மூன்று அங்குலம். மற்ற பிளாப்பிகளைப் போல வளையாது. தடித்த பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இருக்கும். பாட்டுக் கேசட்டைப் போலத் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி சின்னத்தா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது மட்டும்தான் பொருந்தும். அந்த ரகம் எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை.

அப்போது அக்கரையில், இலங்கையில், சண்டை. கடற்கரைச் சாலை நெடுகச் சோதனை. பிளாப்பியைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் இளகிப்போனதால், ராமநாதபுரத்தில் நான் படித்த கல்லூரியில் பிளாப்பியைப் படிக்க வழி கிடைக்குமா என்று கேட்க, சின்னத்தா தொண்டியிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்தார். வழியில் நிறுத்திப் பையைத் துழாவிய காவலர், பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்களை இறங்கச் சொன்னார்.

ஸ்டேஷனில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றிலிருந்து வரவழைக்கப்பட்டவர், இப்படியொரு பிளாப்பியைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"யாராலயும் படிக்க முடியாதத எதுக்குங்க பையில வச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி. இதைப் படிக்கும் கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது என்று நான் சொன்னேன். கொண்டுவரச் சொன்னார். அதுவரை சின்னத்தா அங்கேயே இருக்க வேண்டும்.

வீட்டில் டேப் ரிக்கார்டரைப் பிரித்து அதன் பெல்ட்டை உருவி, கம்ப்யூட்டரின் பிளாப்பி டிரைவில் மாட்டினேன். கொஞ்சம் தளர்வாகவே இருந்தது. அது வழுக்கினால் சின்னத்தா வீடு திரும்ப மாட்டார் என்ற நினைப்பில் இரண்டு முறை கழற்றி மாட்டினேன். வாடகைக் காரில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

டிரைவ் முனகிக்கொண்டே சுற்றியது. திரையில் நீலக் கடல் வந்தது. அதில் ஒரு படகு நகர்ந்தது.

"படகு எங்க போகுது?" என்றார் அதிகாரி, குனிந்து.

அது சின்னத்தாவே எழுதிய விளையாட்டு. மீன்கள் வந்தன, வலை விழுந்தது, மதிப்பெண் ஏறியது. அதிகாரி சற்று நேரம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

திரும்பும் வழியில் சின்னத்தா என் காதருகே சொன்னார்: "மறுபக்கத்த அவுக கேக்கல புள்ள. வளைகுடாவ விட்டு ஊருக்குப் போன ஒருத்தன்கிட்ட பழசா வாங்குனது. அதுல என்ன கெடக்குன்னு எனக்கே தெரியாது."

அதன்பின் அவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பிளாப்பியைத் தூக்கி எறியவும் பயம்; போலீஸ் வந்து திரும்பக் கேட்டால்? தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போலீஸ் விசாரணை வரும் என்பதற்காகவே வளைகுடாவுக்கு மறுபடி போகாமல் கடை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

சென்ற மாதம், பழைய கருவிகள் சேர்க்கும் ஒருவரிடம் அந்த ரக டிரைவ் ஒன்றை வாங்கிக்கொண்டு தொண்டிக்குப் போனேன். சின்னத்தாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார். மறுபக்கத்தைப் போட்டேன். டிரைவ் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது.

"ஒண்ணுமில்ல சின்னத்தா," என்றேன்.

"ஒண்ணுமே இல்லங்குதா, இல்ல, இருக்கு ஆனா படிக்க ஏலலங்குதா?"

அவர் கையை நீட்டி பிளாப்பியை வாங்கினார். தடவித் தடவிப் போய் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.