ராஜவேலு கேட்ட கிட்டார்

என் வீட்டுக்காரர் நேமிநாதனுக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். மைக் செட்டை வாடகைக்கு எடுத்துப் போனவன் குழாய் ஸ்பீக்கரை நசுக்கிக் கொண்டுவந்து வைத்தாலும் ‘ஆகட்டும்பா’ என்பார். நான்தான் தெருமுனை வரைக்கும் போய்க் கத்திவிட்டு வருவேன். சமணர்களான எங்களைக் காஞ்சிபுரத்தில் நயினார் என்று கூப்பிடுவார்கள். ‘நயினாருக்குக் காது சுத்தம்பா, ஆயிரம் பேர் கூட்டத்துல ஒரு வயரு கரகரன்னாலும் கண்டுபிடிச்சிடுவாரு’ என்று ஊரில் பேர். எங்கள் சோறு அந்தப் பேரில்தான் வெந்தது.

அந்தக் காதுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. இங்கிலீஷ் ராக் பாட்டு. எழுபதாம் வருஷம் உதிரி சாமான் வாங்கச் சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் போனவர், ஒரு பழைய ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயரும் ஆறு எல்.பி. தட்டுமாக பஸ்ஸை விட்டு இறங்கினார். உதிரி சாமான் எங்கே என்று கேட்டேன். ‘அடுத்த வாரம் போறேன்’ என்றார். ஆறு தட்டையும் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று வந்தது எனக்கு.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டின் முன்கட்டில் இருந்த எங்கள் மைக் செட் கடையில் கூட்டம். தறிக்காரர்கள் நாலைந்து பேர், சைக்கிள் கடைக்காரர், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் குமாரவேல். பேச்சு ஒன்றே ஒன்றுதான். எந்தக் கோஷ்டியின் முதல் எல்.பி. உசத்தி? இரண்டாவது, மூன்றாவது தட்டெல்லாம் கணக்கில் சேராது. ‘புதுத் தறியில இறங்குற மொதோ சேலையிலதான்பா நெய்யறவன் யாருன்னு தெரியும். அப்புறம் கடைக்காரன் கேக்கறத நெய்ய ஆரம்பிச்சிடுவான்’ என்று ராஜவேலு சொன்னதே சட்டமாகிவிட்டது. ராஜவேலு அடுத்த தெருவில் தறி வைத்திருந்தவர். இவருக்கு உயிர் சிநேகிதர், என்னை அண்ணி என்று கூப்பிடுவார். சேலையில் நெய்த புட்டாப் பூவைப் பார்த்தே அதற்குப் பேர் சொல்லுகிற ஆட்கள் அல்லவா, தட்டுகளுக்கும் அட்டைப் படத்தைப் பார்த்தே பேர் வைத்தார்கள். பாலம் படம் போட்டது பாலத்துக்காரன். மூக்குக்கண்ணாடி படம் போட்டது கண்ணாடிக்காரன். சண்டை பெரும்பாலும் இந்த இருவருக்கும் நடுவில்தான்.

எழுபத்தொன்றில், வாய்ச்சண்டை முற்றி, பட்டிமன்றமே வைத்துவிட்டார்கள். நடுவர் நமச்சிவாயம் ஐயா. எங்கள் தெரு அம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர். கம்பனில் பட்டிமன்றம் நடத்திய அனுபவம் உண்டு, ராக் பாட்டு ஒரு வரி தெரியாது. ‘வாதம் தெரிஞ்சா போதும்பா’ என்று வந்து உட்கார்ந்தார். இவர் கண்ணாடிக்காரனுக்காகப் பேசினார். ராஜவேலு பாலத்துக்காரனுக்காகப் பேசினார். ‘மூணாவது பாட்டுல ஒரு கிட்டார் வருது. பொம்பள அழுவுற மாதிரி இருக்கும். மெட்ராஸ்ல என் மச்சான் ரூம்ல கேட்டேன். அந்த ஒண்ணு போதும்’ என்றார். உடனே அந்தப் பாட்டைப் போட்டார்கள். மேளம் வந்தது, குரல் வந்தது. கிட்டார் வரவில்லை. இன்னொரு தடவை போட்டார்கள். வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். காபி கொடுத்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

சிரிப்பு அன்றோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ‘கிட்டாரு’ என்றால் புளுகு என்று தெருவில் அர்த்தமாகிப் போனது. ஒரு தடவை பட்டு முதலாளி நெய்யக் கொடுத்த ஜரிகை சரியில்லை, கலப்படம் என்று ராஜவேலு சொல்லியிருக்கிறார். ‘இதுவும் கிட்டாரா?’ என்று சிரித்து, அதையே நெய்யச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் சேலை கறுத்துத் திரும்பி வந்தது. பழி நெய்தவர் தலையில் விழுந்தது. அதற்கப்புறம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

எழுபத்துமூன்று ஆனி மாதம் மறுபடியும் பட்டிமன்றம் வைத்தார்கள். இந்த முறை எங்களுக்கு அது விளையாட்டில்லை. ஆடி உற்சவத்துக்கு மைக் செட் யாருடையது என்று கமிட்டி இன்னும் சொல்லவில்லை. செய்யாற்றிலிருந்து ஒருவன் புதுசு புதுசாகப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போயிருந்தான். உற்சவத்துக்கு எந்தச் செட்டோ, தெருவில் கல்யாணம் காதுகுத்துக்கும் அதே செட்தான். ‘பெட்டி பளபளப்பு எனக்கு வேணாம். காது உள்ள ஆளுக்குத்தான் குடுப்பேன். ஞாயித்துக்கிழமை பட்டிமன்றத்துல சொல்றேன்’ என்று நமச்சிவாயம் ஐயா சொல்லி அனுப்பியிருந்தார். அது எங்கள் கையை விட்டுப் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

அன்று காலை பிளேயரின் வயரை எலி கடித்திருந்தது. எங்கள் வீட்டில் எலியைத் திட்டுவதோடு சரி, மேலே எதுவும் செய்ய மாட்டோம். இவர் வயரைச் சீவி, ஒட்டுப்போட்டு, சோதிப்பதற்காக மேலாக இருந்த பாலத்துக்காரன் தட்டை வைத்தார். நான் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பாட்டில் கிட்டார் வந்தது. ராஜவேலு சொன்னது போலவே அழுதது. இவர் ஊசியைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றார்.

விஷயம் இவ்வளவுதான். ஸ்டீரியோ பிளேயரிலிருந்து இரண்டு வயர் வரும், ஒரு காதுக்கு ஒன்றாக. எங்கள் ஆம்ப்ளிஃபயர் மைக் செட்டுடையது, அதில் செருக ஒரே ஓட்டை. ஒற்றை வயரிலேயே பழகிய கை, வாங்கிய அன்றைக்கே ஒன்றைச் செருகிவிட்டு மற்றதை டேப் சுற்றிப் பெட்டிக்குள் தள்ளியிருக்கிறது. சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டுத் தட்டுகளில் இரண்டு வயரிலும் ஒரே சத்தம் வருமாம். அதனால் யாருக்கும் தெரியவில்லை. இங்கிலீஷ் தட்டில் மட்டும் பாதி வாத்தியம் ஒரு வயரில், மீதி மற்றதில். அன்று காலை கை மாறி மற்ற வயரை ஒட்டியிருக்கிறார். மூன்று வருஷமாகக் காஞ்சிபுரமே பாதித் தட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

‘ராஜவேலு சொன்னது நெஜம், தயா’ என்றார்.

‘இருக்கட்டும். பழைய வயரையே திரும்ப மாட்டுங்க’ என்றேன்.

‘எப்படிம்மா?’

‘எப்படின்னா? காது சுத்தம்னு நம்பித்தான் ஒரு மனுஷன் வேல குடுக்க வராரு. அவரு எதிர்ல, மூணு வருஷமா ஒரு வயர மாட்டாமலே விட்டுட்டேன்னு சொல்லப் போறீங்களா? ஆடி முடியட்டும். அப்புறம் நானே ராஜவேலு வூட்டுக்குப் போயி சொல்றேன்.’

இவர் ‘ஆகட்டும்’ கூடச் சொல்லவில்லை. டேப்பை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். பழைய வயரை ஒட்டி மாட்டிவிட்டு, கிட்டார் வந்த வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் தள்ளினார்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தபின் நாங்கள் எதையும் வாயில் வைப்பதில்லை என்பதால் எங்கள் வீட்டுப் பட்டிமன்றம் அதற்குள் முடிந்துவிட வேண்டும். பாலத்துக்காரனுக்காக இந்த முறை குமாரவேல் பேசினார். இவர் கண்ணாடிக்காரனுக்காகப் பேசினார், ஆனால் பேச்சில் ஜீவனே இல்லை. நான் சமையலறை வாசலில் நின்று, நடுவர் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கரண்டி வேர்வையில் வழுக்கியது.

நாலு மணி வாக்கில் ராஜவேலு வந்தார். இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான். கதவோரம் நின்றவரைப் பார்த்து, ‘வாய்யா கிட்டாரு’ என்றான் ஒருவன். அவர் சிரிக்கவில்லை.

‘ஐயா, அந்த மூணாவது பாட்ட ஒரே ஒரு வாட்டி போடச் சொல்லுங்க’ என்றார் நடுவரிடம்.

‘போடு நேமி’ என்றார் நமச்சிவாயம் ஐயா.

இவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பெட்டிக்கு முன்னால் நின்றார். ஊசியை வைக்க அவ்வளவு நேரம் ஆகாது. கை பெட்டிக்குள் போகிறதா, வெளியே இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. போகக் கூடாது, போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு வந்தது. மேளம், குரல். அவ்வளவுதான். இவர் தொடவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். சத்தியமாக அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ராஜவேலு பாட்டு முடிகிற வரைக்கும் தலையைக் குனிந்து கேட்டார். பிறகு கைகூப்பினார்.

‘அந்தக் கிட்டாரு கெடையாதுங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிச்சிடுங்க’ என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ‘வுடுபா, பாட்டுதானே’ என்று குமாரவேல் அவர் தோளைத் தட்டினார்.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். முதல் தட்டில் சிறந்தது கண்ணாடிக்காரனுடையதே. ‘இன்னொரு தீர்ப்பும் இருக்குது. ஆடிக்கு நம்ம நேமி செட்டுதான்’ என்றார். கைதட்டினார்கள். நான் ஓடிப்போய் எங்கள் இரண்டு பேருக்கும் சோற்றுத் தட்டை வைத்தேன். வெயில் சுவரின் மேல்பாதிக்கு ஏறியிருந்தது. வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் போகவில்லை.

இவர் சோற்றுக்கு எதிரில் உட்கார்ந்தார். பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

‘சாப்பிடுங்க, பொழுது போவுது’ என்றேன்.

‘செய்யாத தப்புக்கு மன்னிப்பு கேட்டுட்டான் தயா.’

‘ஆடி முடிஞ்சதும் சொல்லலாம்னேனே.’

‘ஆடி வரைக்கும் அவன் பொய்யனா இருக்கணுமா?’

இருபது வருஷமாக இவரோடு குடித்தனம் செய்கிறேன். அந்தக் குரலை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்தார். வெயில் சுவரை விட்டுப் போய்விட்டது, இனி அன்றைக்குச் சோறு கிடையாது. நானும் தட்டை மூடி வைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து, டேப்பைப் பல்லால் கடித்து உரித்து, இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து மாட்டினார். யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. மூன்றாவது பாட்டை வைத்தார். மேளம், குரல், அதற்கு மேல் கிட்டார். கடை முழுக்க நிறைந்து வந்தது. ‘அடப்பாவி’ என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். இவர் வயர் கதையை முதலிலிருந்து சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை.

‘எப்போ தெரியும் ஒனக்கு?’ என்றார் நமச்சிவாயம் ஐயா.

‘காலையிலங்க ஐயா.’

‘அப்போ எங்க எல்லார் எதிர்லயும் கொஞ்சம் முன்னாடி போட்டப்பவே தெரியும்.’

‘தெரியும்.’

‘ஐயா, வயர ஒளிச்சி வெக்கச் சொன்னது நானு’ என்றேன் முன்னால் வந்து.

‘கை அவன்துதானேம்மா’ என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ‘வயரு தெரியாதது தப்பில்ல. நான் கேட்டுக்கினு இருக்கறப்போ தெரிஞ்சே போட்ட பாரு, அதுதான். ஆடிக்குச் செய்யாறு செட்டுக்கே சொல்லிடறேன்.’ சொன்னபடியே செய்தார். அந்த வருஷம் எங்கள் தெருவில் வேறொருவன் குழாய்தான் பாடியது. கடையை மூடினோம். இவர் சைக்கிள் கடைக்காரரோடு சேர்ந்து டைனமோ ரிப்பேர் பார்க்கப் போனார்.

அன்று மற்றவர்கள் போனபிறகும் ராஜவேலு சுவரோரமே உட்கார்ந்திருந்தார். இவர் அவருக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார். ராஜவேலு கத்துவார், கத்தட்டும் என்று நான் காத்திருந்தேன்.

‘இன்னொரு வாட்டி போடுங்க நயினாரே’ என்றார்.

போட்டார். கேட்டுக்கொண்டே ராஜவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

‘தம்பி, எங்கள நாலு வார்த்த திட்டிட்டாவது போங்க’ என்றேன்.

‘திட்ட வரல அண்ணி’ என்றார். ‘நான் பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஆனா தறியில ஒக்காந்தா அந்தக் கிட்டாரு மண்டைக்குள்ள கேட்டுக்கினே இருக்குது. எல்லாரும் இல்லன்றாங்க. புத்தி பெரண்டு போச்சின்னுதான் நெனச்சேன். எம் பொண்டாட்டியும் அப்படித்தான் நெனச்சிருக்கா. நாளைக்கு வேலூருக்குப் பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டருகிட்ட போறோம். அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தபா கேட்டுடலாம்னுதான் இன்னிக்கி வந்தேன்.’

மறுநாள் காலை வேலூர் பஸ்ஸுக்காக எடுத்து வைத்திருந்த மூட்டையைப் பிரிக்கும்படி அவர் மனைவியிடம் சொல்ல, அன்று இரவே நானே அவர் வீட்டுக்குப் போனேன்.