இருபத்தாறு விநாடி

லிஃப்ட் கதவு மூட நாலரை விநாடி. விடுதிக் குழாயில் குவளை நிறைய ஒன்பது. பல் தேய்த்து வாய் கொப்பளிக்க நூற்றுப்பத்து. எண்ணும்போது அவர் உதடு அசையாது. வலது கட்டைவிரல் மட்டும் இல்லாத ஒரு பொத்தானை அழுத்திக்கொள்ளும்.

புதிதாகத் திறந்த கார் தொழிற்சாலையில் அவருக்கு வேலையே அதுதான். ஒவ்வொருவர் பின்னாலும் நிறுத்துக்கடிகாரத்தோடு நின்று, ஒரு காருக்கு எத்தனை விநாடி பிடிக்கிறது என்று எழுத வேண்டும். பதவியின் பெயர் இரண்டு வரி நீளம். தொழிலாளர்கள் அதைச் சுருக்கி, ‘செகண்டு சார்’ ஆக்கிவிட்டார்கள்.

அவர் தலை தெரிந்தால் போதும், பேச்சு நின்றுவிடும். சிலர் பேய் பிடித்தாற்போல் வேலை செய்வார்கள். சிலர் ஆமையாகிவிடுவார்கள். உள்ளபடி வேலை செய்ய ஒருவருக்கும் மனம் வராது. அதனால் பக்கத்து ஆளைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்று ஓரக்கண்ணால் அளப்பார். கேன்டீனில் அவர் தட்டோடு போய் உட்காரும் மேசை காலியாக நான்கு நிமிடம் ஆகும். அதையும் அளந்துதான் வைத்திருக்கிறார்.

இது அவருக்கு நான்காவது தொழிற்சாலை. ஓட்டம் சீரானதும் அடுத்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் படிப்பு கெடக்கூடாதென்று மனைவி சொந்த ஊரிலேயே இருந்துவிட்டார். மாலையில் போனில் பேசும்போது நடுவில் ஒரு கேள்வி வரும்: “பேசறீங்களா, எண்ணிக்கிட்டிருக்கீங்களா?” எண்ணவில்லை என்பார். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மணிக்கு அறுபது கார் என்று கணக்குப் போட்டுக் கட்டிய தொழிற்சாலை. வந்ததோ நாற்பத்திரண்டு, மிஞ்சிப்போனால் நாற்பத்துமூன்று. எங்கோ அடைப்பு. கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. யாரிடம் வந்துசேர கார்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றனவோ, யாரைத் தாண்டினால் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களோ, அங்கேதான் அடைப்பு. கதவு ரப்பர் மாட்டுகிற இடத்தில் இருந்தது அது. எண்பத்துநான்கு விநாடி.

வேறு யாராவதாக இருந்திருக்கக்கூடாதா என்று இன்னொரு முறை அளந்து பார்த்தார். அந்தக் கூரைக்குக் கீழே அவரோடு வாய் திறந்து பேசும் ஒரே ஆள் ரப்பர் அக்காதான்.

“வாங்க செகண்டு சார். காலைல என்ன சாப்ட்டீங்க?” என்று கேட்டுவிட்டு அக்கா கதவுச் சட்டத்துக்குள் தலையை விட்டுவிடுவார். அடுத்த கார் வந்து, அடுத்த ரப்பரைக் கையில் எடுத்துப் பிசையத் தொடங்கும்போதுதான் இவர் பதில் சொல்லலாம். “பிரெட்டு.” “நேத்தும் அதானே? வயிறா, குப்பைத்தொட்டியா?” இப்படி ஒரு கேள்விக்கு ஒரு கார், பதிலுக்கு ஒரு கார் என்று அவர்கள் பேச்சு நகரும். ஆறு மாதத்தில் இரு வீட்டுக் கதையும் பேசி முடித்திருந்தார்கள்.

மேலாளர் சுற்றிவளைக்கவில்லை. “ஆளை மாத்துங்க. அடுத்த வாரம் அறுபது வந்தாகணும்.”

“அவங்களுக்கு வேற எடம் இருக்கா சார்?”

“ஏது எடம்? அனுப்பிட வேண்டியதுதான்.”

“மூணு நாள் குடுங்க” என்றார். மேலதிகாரியிடம் அவர் எதையும் கேட்டது அதுவே முதல் தடவை.

இரண்டு நாள் அக்கா பக்கத்திலேயே நின்று அளந்தார். மதிய இடைவேளை முடிந்ததும் வரும் ஏழெட்டு கார்களுக்கு மட்டும் ஐம்பத்தெட்டே விநாடி. பிறகு பழைய எண்பத்துநான்கு. சாப்பாட்டுத் தெம்பு என்று நினைத்தார். மூன்றாம் நாள்தான் ரப்பரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. இடைவேளையில் வெளியே கிடந்த ரப்பர் இளகியிருந்தது. கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்தது விறைத்துக் கிடந்தது. கிடங்கில் பசைக்குத்தான் குளிரூட்டிய அறை தேவை. இடம் இருக்கிறதே என்று யாரோ புண்ணியவான் ரப்பரையும் அங்கேயே அடுக்கியிருந்தார். பிசைவது அக்காவின் கைப்பழக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிசையாமல் மாட்டினால் மழைநீர் உள்ளே வரும் என்று அக்காவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்காவின் இடத்தை ஒட்டியிருந்த பெயிண்ட் உலர்த்தும் அறையின் சூடான சுவரோரம் ஒரு அடுக்குத்தட்டு வைத்து, ரப்பரை அதில் அடுக்கச் சொன்னார். அறுபது வந்துவிட்டது. மேலாளர் தோளில் தட்டினார். அக்கா மணிக்கட்டை ஆட்டிக் காட்டி, “வலியே இல்ல சார், நல்லா இருப்பீங்க” என்றார். “பாப்பாவுக்குப் பரிட்சை எப்படி?” என்றும் கேட்டார். அதற்குள் கார் வந்துவிட்டது.

பதில் இன்னும் அவரிடமே இருக்கிறது. பத்து நாளாகிறது. கை ரப்பரைப் பிசைந்த அந்த இருபத்தாறு விநாடியில்தான் அக்காவின் வாய்க்குப் பேச நேரம் இருந்தது. அதைத்தான் தாம் வெட்டியெடுத்தோம் என்று அவருக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. இப்போது ஒரு கதவு முடிவதற்குள் அடுத்த கதவு வந்து நிற்கிறது. அக்காவின் முதுகு மட்டும் தெரிகிறது. அறுபதைத் தாண்டவிடாத அடைப்பு இருக்கை பொருத்தும் இடத்துக்குப் போய்விட்டது. அவர் நிற்க வேண்டிய இடம் இப்போது அதுதான்.

இருந்தும் இன்று காலை அக்காவின் பின்னால் போய் நின்றார். “நல்லா எழுதியிருக்காளாம்” என்றார். இயந்திர இரைச்சலில் அது சொன்னவர் காதுக்கே எட்டவில்லை. கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார். தட்டிலிருந்து வெதுவெதுப்பான ரப்பர் ஒன்றை எடுத்து, அக்காவின் கைக்கு எட்டும்படி நீட்டிப் பிடித்தார். யார் கை என்று திரும்பிப் பார்க்காமலே அக்கா வாங்கிக்கொண்டார். அவர் அடுத்ததை எடுத்து நீட்டினார்.