மீட்டருக்குச் சந்தனம் வைத்த நாள்

எலக்ட்ரீஷியன் தாமோதரன் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் திடுக்கிடவில்லை. முன்பே சொன்னவன் நான். டீக்கடையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயுண்ணா" என்றார். "வாயு தோளுக்கு ஏறாதுபா, ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். எட்டாவதோடு நின்றவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

அவரை அறிந்த உங்களுக்கு இதுவும் தெரிய வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில், ஏன், இந்த ஜில்லாவிலேயே மீட்டருக்கு ஒற்றன் வைத்த முதல் வீடு என்னுடையது. கரண்ட் செலவாகச் செலவாக மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். அதன்மேல் சென்சார் ஒட்டி, தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றை இணைத்தார் தாமோதரன். அது சிமிட்டலை எண்ணி என் போனுக்கு அனுப்பும்.

காரணம், மாடியில் குடியிருக்கும் நெசவாளி கமலா. இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். பில் ஏறிக்கொண்டே போனது; அவள்தான் கரண்டை இழுக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். "இது எண்ணத்தான் எண்ணும். யாரு திருடன்னு சொல்லாதுண்ணா" என்றார் தாமோதரன். அவளோடு சேர்ந்துவிட்டாரோ என்று அவர்மேலும் ஒரு கண் வைத்தேன்.

ஆயுத பூஜையன்று தறிக்குப் படைத்துவிட்டு, கமலா குடும்பத்தோடு திருமுக்கூடலில் உள்ள தாய்வீட்டுக்குப் போனாள். போனைப் பார்த்தேன். சுத்தமாகப் பூஜ்யம்! தாமோதரனைச் சாட்சிக்கு வரவழைத்தேன். அவள் திரும்பியதும் வாசல் திண்ணையிலேயே பிடித்தேன்.

"நீ இல்லன்னா கரண்டே ஓடல. வீட்ட காலி பண்ணு."

"இன்னா மாமா பேசறீங்க? தறியில பாவு நூலு பாதியில நிக்குது. அத அறுத்துக்கினு எங்க போவேன்? அப்புறம் எந்த முதலாளி எனக்குப் பட்டு குடுப்பாரு?"

தாமோதரன் மேலே பார்த்தார். "அண்ணா, உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கினு இருக்குதே, அதுக்குக் கரண்டு ஏகாம்பரநாதரா அனுப்புறாரு?"

கமலாவை நிற்க வைத்துவிட்டு நாங்கள் இருவரும் மீட்டரிடம் போனோம். கிரைண்டர், சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த என் மனைவி, சென்சாரைப் பக்குவமாகப் பெயர்த்து, சிவப்பு விளக்குக்கும் சந்தனம் அப்பி, திரும்ப ஒட்டியிருந்தாள். துடைத்ததும் எண்ண ஆரம்பித்தது. தாமோதரன் மாடி மெயினை அணைத்துப் பார்த்தார். சிமிட்டல் அவ்வளவாகக் குறையவில்லை. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த என் கிணற்று மோட்டாரை அணைத்தார், அடங்கியது.

உடனே நான் கமலாவிடம், "தப்பு என்னுதுதாம்மா, நீ பாவ அறுக்காத" என்றேன்.

தாமோதரனின் காரியத்துக்குக் கமலா வந்திருந்தாள். அப்படி அழுதாள். ஆகவே ஒன்றைத் திருத்தியாக வேண்டும். அப்போது நான் வாயே திறக்கவில்லை. ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். "தப்பு என்னுதுதாம்மா, சரியா ஒட்டாம போய்ட்டேன். நீ பாவ அறுக்காத" என்றவர் தாமோதரன். எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்தான் அவரிடமிருந்து நான் வைத்திருப்பது. கமலாவிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை.