செல்லப்பன் ஜெயித்த வழக்கு

அத்தாயி கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. செம்மநத்தத்துச் செல்லப்பன் இனித் தனக்குப் புருஷன் இல்லை என்று நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதை ஒப்புக்கொள்ள ஏற்காட்டு மலையிலும் ஆள் இல்லை, கீழே சேலத்திலும் ஆள் இல்லை.

அவள் அதே மலையில் கொட்டச்சேடு என்கிற ஊர்ப் பெண். கட்டிக்கொண்டு போன ஊரில் அடி தாங்காமல் அண்ணன் முனியப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து, பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கூடையில் ஒரு பச்சைக் காய் இருக்காது. மற்றவர்களுடைய கூடையைக் கொட்டிக் கிளறிப் பார்க்கிற ரைட்டர் அவள் கூடையை மட்டும் தொடாமலே உள்ளே அனுப்புவார். தன் கையால் சம்பாதித்து, யாருக்கும் பாரமில்லாமல் இருந்தவள் அவள்.

செல்லப்பனோ அவளை வைத்து வாழவும் இல்லை, விட்டுத் தொலைக்கவும் இல்லை. அடுத்த வருஷமே வேறொருத்தியைக் கூட்டி வந்து குடித்தனம் வைத்தான். அதை யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஆனால் குடித்துவிட்டால் அவனுக்கு முதல் பெண்டாட்டியின் நினைப்பு வந்துவிடும். நேரே எஸ்டேட்டுக்கு வந்து, பறித்துக்கொண்டிருக்கிறவளின் தலைமுடியைப் பிடித்து இழுப்பான். ரைட்டர் பார்த்துக்கொண்டு நிற்பார். மேஸ்திரி மிளகுக் கொடியைப் பார்க்கப் போய்விடுவார். ஒரு தடவை முனியப்பன் குறுக்கே விழுந்து அவன் கையை முறுக்கிவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் யாரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள் தெரியுமா? முனியப்பனைத்தான். தாலி கட்டினவனுக்கும் அவன் மனைவிக்கும் நடுவில் போவதற்கு நீ யார் என்று கேட்டார்கள்.

அத்தாயி வீங்கிய கன்னத்தோடு அந்த ஸ்டேஷன் ஏட்டய்யாவின் மேஜைக்கு முன்னால் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். இதுல நாங்க என்னம்மா பண்றது? அனுசரிச்சுப் போ."

அந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை வாயில் கேட்டிருக்கிறாள். ரைட்டர் சொன்னதும் அதுதான், தண்ணிக் குழாயடியில் பெண்கள் சொன்னதும் அதுதான். அடிக்கிறவனுக்கு அது ஒரு லைசென்ஸ் மாதிரி இருந்தது. அந்த லைசென்ஸைக் கிழித்துப் போட்டால்தான் தனக்கு உயிர் நிலைக்கும் என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்துபோயிற்று.

ஏற்காடு பஜாரில் தையல் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை உண்டு. சேலம் கோர்ட்டில் தொழில் பார்த்த வக்கீல் லூர்துசெல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அங்கே வந்து உட்காருவார். ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். குடும்ப வழக்கு என்றால் மலையில் அவரைத்தான் தேடிப் போவார்கள். அண்ணனும் தங்கையும் போனபோது அவர் முதலில் முனியப்பனை வெளியே படிக்கட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, அத்தாயியிடம் மட்டும் பேசினார்.

விவாகரத்து என்பது ஒரு நாளில் வாங்குகிற காகிதம் இல்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மனுப் போட வேண்டும். கோர்ட்டு செல்லப்பனுக்குச் சம்மன் அனுப்பும். அவன் தன் பதிலைப் போடுவான். அதற்குப் பிறகு ஜட்ஜு இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, சேர்ந்து வாழ முடியுமா என்று கேட்பார். முடியாது என்றால்தான் சாட்சி, விசாரணை எல்லாம். நடுவில் வாய்தாவுக்கு மேல் வாய்தா வரும்.

"ஆறப் போட்டுக்கிட்டே இருப்பாங்க, அத்தாயி. நீ ஆறிடக் கூடாது" என்றார்.

அடித்தான் என்று மொட்டையாகச் சொன்னால் போதாது, எங்கே, எதனால், யார் பார்க்க என்று சொல்ல வேண்டும் என்று அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். முதல் தடவை சொல்லும்போது அத்தாயி அழுதாள். மூன்றாம் தடவை அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுதான் வேண்டும் என்று லூர்துசெல்வி எழுத ஆரம்பித்தார். எல்லாம் கேட்டார். அவள் எந்தச் சனம், அவர்களுக்குள் கல்யாணமும் பிரிவும் எப்படி நடக்கும் என்பதை மட்டும் கேட்கவில்லை. கேட்காததால் அத்தாயியும் சொல்லவில்லை.

வாய்தா தேதியில் அத்தாயி முதல் பஸ்ஸுக்கு இறங்குவாள். கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். அப்படி இறங்கிப் போய்க் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தால், ஜட்ஜு லீவு என்பார்கள். அடுத்த தடவை எதிர்க்கட்சி வக்கீலுக்குக் காய்ச்சல் என்பார்கள். கூலி போய், பொழுது போய் அவள் மலை ஏறுவாள். வராத செல்லப்பனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, பஸ் வழியில் நின்றுவிட்டு அவள் தாமதமாக வந்ததற்கு, கோர்ட்டு என்றால் உனக்கு விளையாட்டா என்று குமாஸ்தா கேட்டார்.

கூண்டில் ஏறின அன்று எதிர்க்கட்சி வக்கீல் அவளைக் கேட்ட கேள்விகளை எழுதக் கை கூசுகிறது. பிள்ளை இல்லாத எரிச்சலில் புருஷனை விட்டு வந்தாயா? எஸ்டேட்டில் எந்த ஆம்பிளையோடு பேச்சு? புருஷன் குடித்துவிட்டு வருகிறான் என்றால், வீட்டில் நீ எந்த லட்சணத்தில் சோறு போட்டாய்? அடி வாங்கினவள் கூண்டில் நின்று கணக்குச் சொல்ல, அடித்தவன் பின்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அத்தாயி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு இடத்திலும் குரல் நடுங்கவில்லை. அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வக்கீல் தன் கைச்சரக்கை எடுத்து வைத்தார். இரண்டு பேரும் சேர்வராயன் மலைப் பழங்குடிச் சனம். இந்துத் திருமணச் சட்டம் பழங்குடிகளைக் கட்டுப்படுத்தாது. அவர்களுக்கு அவர்கள் வழக்கம்தான் சட்டம். ஆகவே இந்தக் கோர்ட்டு இவளுக்கு விவாகரத்துக் கொடுக்க முடியாது. அந்த வழக்கம் இன்னதென்று சொல்ல செம்மநத்தத்து ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு வந்திருக்கிறார்.

லூர்துசெல்வியின் முகம் வெளுத்ததை அத்தாயி பார்த்தாள்.

ஐயாக்கண்ணு புதுத் துண்டு போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார். கடவுள் அறியச் சொல்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார். அது போதாதென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எங்க சேர்வராயன் சாமி அறியவும் சொல்றனுங்க" என்று தானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். ஜட்ஜுகூடச் சிரித்துவிட்டார். தங்கள் சனத்தில் போலீசும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது, ஒத்து வரவில்லையென்றால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு துரும்பை முறித்துப் போட்டால் கல்யாணம் அறுந்தது என்று பெருமையாக விளக்கினார்.

லூர்துசெல்வி மெதுவாக எழுந்தார். அந்தத் துரும்பை யார் முறிப்பது என்று கேட்டார்.

"ஆரு வேண்டாங்கறாங்களோ அவியதானுங்க."

"பொம்பளையும் முறிக்கலாமா?"

"எங்க மலையில பொம்பளைக்கும் ஞாயம் உண்டுங்க. கீழ இருக்கறவிய மாதிரி இல்லீங்க நாங்க."

"மத்தவருக்குச் சம்மதம் இல்லைன்னா?"

"சம்மதம் இருந்தா எதுக்குங்க பஞ்சாயத்து?"

கோர்ட்டே சிரித்தது. லூர்துசெல்வி உட்கார்ந்துவிட்டார்.

மனு தள்ளுபடி ஆயிற்று. செல்லப்பன் வாசலில் தன்னோடு வந்தவர்களுக்கெல்லாம் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். அத்தாயி படி இறங்கும்போது குறுக்கே வந்து, "என்ன புள்ள, இப்ப ஊட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான். முனியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனான்.

அங்கே லூர்துசெல்வி நின்றுகொண்டிருந்தார். அத்தாயியால் ஆத்திரத்தை அடக்க முடியவில்லை. நொம்பப் படித்தவர்கள் ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா, இத்தனை பேர் நடுவில் இத்தனை கேள்விக்குத் தன்னை நிறுத்தி வைத்தது எதற்கு என்று கேட்டாள். மரத்தடியில் இருந்த வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். லூர்துசெல்வி சமாதானம் சொல்லவில்லை.

"தப்பு என்னோடதுதான். எல்லாருக்கும் போடற மாதிரி உனக்கும் ஒரு மனுவைப் போட்டுட்டேன். நீங்க எந்தச் சனம்னு அதே மலையில பொறந்த எனக்குத் தெரியாதா? சட்டம் உங்கள வெளிய நிறுத்தி வெச்சிருக்குன்னு பார்க்காம விட்டுட்டேன்." பிறகு, "ஆனா உங்க கவுண்டர் என்ன சொன்னாருன்னு கேட்டியா?" என்றார்.

அத்தாயி கேட்டிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள்.

இனி இந்தக் கோர்ட்டுக்கு வர வேண்டாம், அவர் சொன்னதை அவருடைய ஊரிலேயே போய்ச் செய்து முடி என்றார் லூர்துசெல்வி. செய்கிறபோது நாலு ஊர்ப் பெரியவர்கள் பார்க்க இருக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

செம்மநத்தத்துக்குப் போனால் ஐயாக்கண்ணு பிடி கொடுப்பாரா? ஒரு தடவை நாள் சரியில்லை என்றார். இன்னொரு தடவை, அறுவடை முடியட்டும் என்றார். பிறகு, கட்டினவன் வராமல் எப்படி என்றார். சேலத்தில் வாய்தா என்று பெயர், செம்மநத்தத்தில் அதற்குப் பெயர் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆம்பிளை துரும்பு முறிக்க வந்த நாளெல்லாம் அவருக்கு நல்ல நாளாகவே இருந்திருக்கிறது.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. மலையிலுள்ள ஊர்க்காரர்கள் எல்லோரும் உச்சியில் கூடினார்கள். சாமி இருக்கிற குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்த ஐயாக்கண்ணு, மற்ற ஊர்க்கவுண்டர்களோடு உட்கார்ந்தார். விபூதி நெற்றியில் இன்னும் காயவில்லை. அத்தாயி நேரே அவர் முன்னால் போய் நின்றாள். செல்லப்பனும் கூட்டத்தில் இருந்தான்.

"மாமா, சேலத்துல இந்தச் சாமி பேரச் சொல்லித்தானுங்களே சொன்னீங்க. வேண்டாங்கறவிய துரும்ப முறிக்கலாம், பொம்பளையும் முறிக்கலாம்னு. அது நெசமுங்களா, பொய்யிங்களா?"

ஐயாக்கண்ணு சுற்றிப் பார்த்தார். "கோர்ட்டுல ஆயிரம் பேசுவாங்க, புள்ள" என்றார்.

"கோர்ட்டுச் சாமி பேருல மட்டும் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனுங்க. இவரு பேருல ஆரு சொல்லச் சொன்னாங்க?"

மற்றக் கவுண்டர்கள் ஐயாக்கண்ணுவையே பார்த்தார்கள். சேலத்து ஜட்ஜிடம் சொன்னதை மலைக்கு வந்து மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரியும். சேர்வராயன் வாசலில் உட்கார்ந்து, அவன் பெயரில் சொன்னதைப் பொய் என்று சொல்ல அவரால் முடியவில்லை. வயிற்றுவலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நெசந்தான்" என்றார்.

செல்லப்பன் கத்திக்கொண்டு முன்னால் வந்தான். பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்துகிறாயா என்று வேறு ஊர்க்கவுண்டர் ஒருவர் அதட்டினார். அத்தாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அண்ணன் வீட்டுக் கூரையிலிருந்து உருவி வந்த துரும்பு அதில் இருந்தது. எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து முறித்தாள். இரண்டு துண்டையும் செல்லப்பன் காலடியில் போட்டாள். மேளச் சத்தத்தில் அது முறிந்தது யார் காதிலும் விழுந்திருக்காது. அந்தத் துரும்பை முறிக்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

செல்லப்பன் திருந்துகிற ஆள் இல்லை. அந்த வருஷக் காப்பிப் பறிப்பில் மறுபடி குடித்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தான். இந்தத் தடவை அத்தாயி லூர்துசெல்வியோடு ஸ்டேஷனுக்குப் போனாள். அதே ஏட்டய்யா. அதே மேஜை.

"புருஷன் பொண்டாட்டி..." என்று அவர் ஆரம்பித்தார்.

"புருஷன்னு ஆரச் சொல்றீங்க?" என்றாள் அத்தாயி.

லூர்துசெல்வி சேலம் கோர்ட்டு உத்தரவை மேஜைமேல் வைத்தார். இவர்களுக்கு வழக்கம்தான் சட்டம் என்பதும், துரும்பு முறித்தால் கல்யாணம் அறுந்தது என்று ஊர்க்கவுண்டர் சொன்னதும் அதில் இருந்தன. முறித்ததைப் பார்த்த நாலு ஊர்க் கவுண்டர்களின் பெயரையும் சொன்னார். ஏட்டய்யா புரட்டிப் பார்த்துவிட்டு, தீர்ப்பு யார் பக்கம் என்று கேட்டார்.

"அவரு பக்கந்தானுங்க" என்றாள் அத்தாயி. "அவரு செயிச்ச கேசுங்க அது."

ஏட்டய்யா உத்தரவை இன்னொரு தடவை புரட்டினார். பிறகு புகாரை எழுத ஆரம்பித்தார். கையைப் பிடித்து இழுத்த ஆள் உனக்கு என்ன உறவு என்று கேட்டார்.

"ஒரு ஒறவும் இல்லீங்க."

அவர் அப்படியே எழுதினார்.