மூடியில் வைத்த கை

பதினோரு வருடமாக வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவருக்கு லீவு நாளிலும் இருப்புக் கொள்ளவில்லை. மசாலா தடவிய பன்றித் தொடைக்கறியைக் காலை எட்டு மணிக்கே, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் வைத்தார். எட்டு மணி நேரம் மூடியைத் தொடாமல் விட்டால் கறி நார்நாராகப் பிரியும். அவரா தொடாமல் இருப்பார்? அரை மணிக்கு ஒருதரம் திறந்து, முள்கரண்டியால் குத்திப் பார்த்து, சூட்டையெல்லாம் ஆவியாக அனுப்பிவைத்தார். மாலை நாலு மணிக்கும் கறி அசைந்துகொடுக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்தான் ஆகும்?" என்று மறுபடி மூடியில் கை வைத்தார்.

வாடிக்கையாளர்களிடம் போனில் எரிந்து விழுந்ததை அவர் தினமும் வீட்டுக்கு வந்து சொல்லக் கேட்கும் மனைவி, அதே குரலில் சொன்னாள்:

"வந்துகிட்டே இருக்கு சார். சும்மா சும்மா போன் பண்ணினா, ஒவ்வொரு தடவையும் வண்டிய நிறுத்தித்தானே எடுக்கணும்?"