எடுக்காத கடலைக்கு ஒரு பில்

அந்தக் கடையில் கல்லா கிடையாது. பில் போடுகிற ஆள் கிடையாது, வரிசை கிடையாது, "சில்லறை இல்லையா?" என்ற சிடுசிடுப்பும் கிடையாது. வாசலில் போனைக் காட்டினால் கதவு திறக்கும். வேண்டியதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டு அடுக்களையிலிருந்து வருகிற மாதிரி நம் பாட்டுக்கு வெளியே வந்துவிடலாம். தெருமுனை திரும்புவதற்குள் போனில் பில் வந்து விழும், பணமும் தானாகப் போய்விடும். எல்லாவற்றையும் கூரையில் இருக்கிற கேமராக்களே பார்த்துக்கொள்கின்றன என்று விளம்பரம் செய்தார்கள். ஜனங்களும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினார்கள்.

கேமரா பார்த்தது என்னவோ உண்மைதான். ஆனால் அதற்கும் சந்தேகம் வருமே! ஒருத்தி இரண்டு சோப்பை ஒட்டி எடுத்தால் அது ஒன்றா இரண்டா? ஒருவன் பிஸ்கட்டை எடுத்து, யோசித்து, ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் அது அவன் கணக்கா இல்லையா? இப்படிக் குழம்பிய வீடியோத் துண்டுகளையெல்லாம் கேமரா ஓர் அறைக்கு அனுப்பிவிடும். அந்த அறை கடையில் இல்லை. கடையிருக்கிற ஊரிலேயே இல்லை. அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அந்தத் துண்டைப் பார்த்து, "எடுத்தார்", "திரும்ப வைத்தார்" என்று பட்டனை அழுத்துவார்கள். மெஷின் மெஷின் என்று ஊரே கொண்டாடியதில் பாதி இந்தப் பாவப்பட்ட ஜென்மங்கள்தான்.

அவர்களில் ஒருத்திதான் டக்கு. டக்குடக்கென்று அழுத்துவதால் வந்த பெயர். வீட்டில் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அறையின் தலைவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஆச்சா. நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்பதுதான் அவருடைய முழுநேர உத்தியோகம்.

அறையில் ஜன்னல் இல்லை. சொந்த போனை வாசலிலேயே பெட்டியில் பூட்டிவிட வேண்டும். திரையில் வருகிற ஆட்களின் முகம் சாம்பல் நிறத்தில் கலங்கித் தெரியும். அது வாடிக்கையாளரின் அந்தரங்கமாம். பெயர் வராது, ஊர் வராது, நீளமாக ஓர் எண் மட்டும் வரும். மற்றபடி கைகள்தான். மோதிரம் போட்ட கை, மாவு ஒட்டிய கை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒற்றையாய் வேலை செய்கிற கை. முதல் மாதம் டக்குவுக்கு அதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கை வரும், அழுத்துவாள், அடுத்த கை வரும். வீட்டில் அம்மா கரண்டியை எடுத்தால் கூட இவளுடைய விரல் தானாக அசையும்.

மரத்துப்போனது வேலையால் மட்டும் என்று சொன்னால் அது பொய். அப்பா போன அன்றும் அவளுக்கு அழுகை வரவில்லை. குளியலறையில் விழுந்தவரை ஆட்கள் தூக்கிவந்து கிடத்தினார்கள். இவள் பக்கெட்டில் தண்ணீர் நிறைந்து வழிகிறதே என்று குழாயை மூடப் போனாள். காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தபோது, "பரவாயில்லையா?" என்று ஆச்சா கேட்டார். "பரவாயில்ல சார்" என்றாள். உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்பா போன செய்தி தெரியாத ஒருவன் இருந்தான், அவளுடைய தம்பி. இரண்டு வருடங்களுக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே அப்பா அவனை "தண்டச்சோறு" என்றார். இவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். "இந்த ஆளு இருக்குற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றான். போனவன் போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ரோஷத்தில் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான், வேறென்ன சொல்ல.

அம்மா அவனைத் தேடி அழுது ஓய்ந்துவிட்டாள். இப்போது அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. "அவனுக்கு ஒரே ஒரு வார்த்தை போய்ச் சேரணும்டி. அந்த ஆளு போயாச்சு, நீ வரலாம்னு. அவ்வளவுதான். அப்புறம் வர்றதும் வராததும் அவன் இஷ்டம்." தினமும் டக்கு செருப்பைக் கழற்றும்போது, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். வேலைக்குப் போகிறவளுக்கு ஊரிலுள்ள சேதியெல்லாம் தெரியும் என்று எப்படித்தான் நினைத்தாளோ! "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு டக்கு உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் மத்தியானம், தூக்கத்தில் கண் சொக்குகிற நேரம், ஒரு கை வந்தது. இடது கை. மோதிர விரலில் நகம் இல்லை. நகம் இல்லாத விரல் உலகத்தில் எத்தனையோ இருக்கும். ஆனால் அந்தக் கை ஒரு சோள அவல் டப்பாவை எடுத்தது, காதருகே கொண்டுபோனது, இரண்டு தடவை குலுக்கியது. கலங்கிய முகம் கொஞ்சம் சாய்ந்து கேட்டது.

டக்குவின் விரல் அப்படியே நின்றது. டப்பா, தகரம், தீப்பெட்டி எதுவானாலும் காதில் வைத்துக் குலுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டான் தம்பி. "உள்ள எலி இருக்கான்னு பாக்குறியாடா?" என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த நகம் போனதும் இவளால்தான். சின்ன வயதில் இரும்புக் கதவை இவள்தான் இழுத்துச் சாத்தினாள்.

"டக்கு, தூங்கிட்டியா? ஆச்சா?"

"ஆச்சு சார்." அழுத்தினாள். கை போய்விட்டது.

சந்தோஷம் பொங்கியது, கண்ணீர் பெருகியது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அந்த நீள எண்ணை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு கூட எங்கோ தூரத்தில் யாரோ சொல்வது போலத்தான் கேட்டது.

அதன் பிறகு அந்த எண் அவ்வப்போது வந்தது. ஒரு தடவை குழந்தைக்கான பால்மாவு எடுத்தான். பெரிய டின்னைக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்தான், சின்னதை எடுத்தான். ஓ, குழந்தையும் இருக்கிறதா! ஆச்சாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தாள்.

"சார், இந்த எண்ணெல்லாம் எந்த ஊர்க் கடையோடது?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற? மாப்பிள்ளை பாக்கப்போறியா?" என்று அவர் சிரித்தார். "எனக்கே தெரியாதும்மா. வேலையப் பாரு."

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் எந்த ஊர், எந்தத் தெரு என்று அம்மா உலுக்கி எடுத்துவிடுவாள். பதில் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாள்.

அவனைப் பேச வைக்க அந்த அறையில் ஒரே ஒரு வழிதான் இருந்தது, புகார். பில்லில் தப்பு இருந்தால் வாடிக்கையாளர் போனில் எழுதி அனுப்புவார். அது புகார் மேசைக்கு வரும். அந்த மேசையில் இருந்தவரை எல்லாரும் மிட்டாய் என்பார்கள். இருமல் மிட்டாய் இல்லாமல் அவருடைய கன்னத்தை யாரும் பார்த்ததில்லை. தப்பு செய்தவரிடமே அதைத் திருப்பி அனுப்பி, "நான் சொன்னது சரி" அல்லது "என் தவறு" என்று பதில் வாங்குவது அவருடைய வேலை. புகாரின் கீழே எழுதியவர் பெயரும் ஊரும் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. சிலர் கோபத்தில் முழு விலாசமும் எழுதிவிடுவார்கள்.

அடுத்த முறை அந்தக் கை வந்தபோது அது ஒரு ரொட்டியை எடுத்தது. டக்கு, "ரொட்டி, ஒன்று" என்று அழுத்தினாள். பிறகு பட்டியலைத் திறந்து, "வறுத்த கடலை, ஒரு பாக்கெட்" என்று சேர்த்தாள்.

கடலையை அவள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. கடலை பட்டாலே தம்பிக்கு முகம் பூசணியாக வீங்கிவிடும். பள்ளியில் எவனோ ஊட்டிவிட, மூச்சுத் திணறியவனை ஆஸ்பத்திரிவரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேறு எந்தத் தப்பையும் "போகட்டும்" என்று விட்டுவிடுவான், கடலையை விடமாட்டான். அது அவன்தானா என்பதும் தெரிந்துபோகும். அழுத்திய பிறகு அவளுடைய கை சில்லென்று இருந்தது. பல மாதங்களில் அவளுக்கு உறைத்த ஒரே விஷயம் அந்தக் குளிர்ச்சிதான்.

மறுநாள் மிட்டாய் எழுந்து வந்து அவளுடைய மேசை ஓரத்தில் நின்றார்.

"என்ன டக்கு, உனக்குமா புகார்? அதிசயமா இருக்கே!"

திரையில் புகார் இருந்தது:

"நான் கடலை எடுக்கவே இல்லை. எங்க வீட்டுல கடலையே கிடையாது, எனக்கு அது விஷம். சின்ன வயசுல ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கேன். மெஷினை நம்பினா இப்படித்தான். மனுஷங்க யாராவது அங்க இருக்கீங்களா? இருந்தா பார்த்துச் சொல்லுங்க."

கீழே பெயர் இல்லை. ஊர் இல்லை. அதே நீள எண்தான்.

டக்கு அதைப் படித்தாள், மறுபடியும் படித்தாள். தம்பி பேசுகிறான். கோபம் வந்தால் மூச்சு விடாமல் பேசுகிற அதே பேச்சு. இங்கே இருக்கிறேன்டா, நான்தான்டா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கத்த வேண்டும் போல நெஞ்சு வரைக்கும் ஏதோ வந்தது. தொண்டைக்கு வரவில்லை.

"இதுல ஒரு சிக்கல்" என்று மிட்டாய் குரலைத் தணித்தார். "இந்த ஆளு கொடுத்த ஒரு புகார் ஏற்கெனவே பொய்னு பதிவாகியிருக்கு. நீ சொன்னது சரின்னுட்டா இதுவும் பொய்னு ஆயிடும், அவனுக்குக் கதவு திறக்காது. அதுக்கப்புறம் அந்தக் கம்பெனிக் கடை எதுக்குள்ளயும் நுழைய முடியாது. நல்லாப் பாத்துச் சொல்லு."

"நான் சொன்னது தப்புன்னா?"

"படத்தைப் பாத்தேம்மா. அவன் கை கடலை இருக்குற பக்கமே போகல. கண்ணு தவறினதுன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இல்லாததை எழுதியிருக்கே. உன் சீட்டு போயிடும்." மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "சரின்னு அமுக்கிட்டா நான் எதுவும் பேச மாட்டேன். எனக்கும் வயசாச்சு, வம்பு வேணாம்."

டக்குவுக்கு நிலைமை பளிச்சென்று தெரிந்தது. "சரி" என்றால் சீட்டு மிஞ்சும், ஆனால் அந்தக் கை இனி வராது. பால்மாவுக்கு அவன் எங்கே அலைவானோ. "தவறு" என்றால் அவன் வந்து போவான், பார்க்க இவள் இருக்க மாட்டாள். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கையை இனி பார்க்க முடியாது. இந்தக் கூத்தை இழுத்துவிட்டது யார்? அவளேதான்.

"என் தவறு" என்று அழுத்தினாள்.

உடனே இன்னொரு கட்டம் திறந்தது: வாடிக்கையாளருக்குப் பதில். அதில் எழுத இடம் இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இல்லை. "புகார் ஏற்கப்பட்டது, தொகை திருப்பி அனுப்பப்படும்." "புகார் நிராகரிக்கப்பட்டது." "புகார் பரிசீலனையில் உள்ளது." ஏதாவது ஒன்றைத் தொட வேண்டியதுதான். கட்டத்துக்கு மேலே, கீழே, ஓரத்தில் எல்லாம் விரலால் தட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடுற?" என்றார் மிட்டாய்.

"எழுதுறதுக்கு."

"அதெல்லாம் கிடையாதும்மா. நம்மள எழுத விட்டா, இங்க ஆளுங்க இருக்கோம்னு தெரிஞ்சுபோகாதா?"

முதல் பதிலைத் தொட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து "திருப்தி" என்று வந்தது. கடலைக்காசு திரும்பிவிட்டதே, அவனுக்கு வேறென்ன வேண்டும்.

சாயங்காலத்துக்குள் ஆச்சா கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. "உன்கிட்ட இத எதிர்பார்க்கலம்மா" என்று மட்டும் சொல்லி, கழுத்தில் தொங்கிய அட்டையை வாங்கிக்கொண்டார். அவளுடைய நாற்காலியில் அதற்குள் வேறு ஒரு பெண் உட்கார்ந்து, இருக்கையின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். டக்கு பெட்டியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். வழியில் ஒரு கடையில் தேங்காயெண்ணெய் வாங்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது, வாங்கினாள்.

வீட்டில் அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் வந்துவிட்டாளே என்று நிமிர்ந்து பார்த்தாள். "ஏதாவது தெரிஞ்சுதா?" என்றாள், வழக்கம் போல.

"தெரிஞ்சுதும்மா."

அம்மாவின் கையிலிருந்த துணி நழுவியது. டக்கு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்: நகமில்லாத விரல், குலுக்கல், பால்மாவு, கடலை, போன வேலை. தண்ணீர் பில் வாசிக்கிற குரலில் சொன்னாள். அவளுக்கு வேறு குரல் வரவில்லை.

"குழந்தை இருக்கா!" அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "மூஞ்சி எப்படிடி இருக்கு? இளைச்சுட்டானா?"

"மூஞ்சி தெரியாதும்மா. கைதான் தெரியும்."

"கை இளைச்சிருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"நீதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மெஷின்னு நினைச்சுத் திட்டினான்."

அம்மா அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது, டக்கு கையை எடுக்கவில்லை.

"அப்பா போனதையாவது சொன்னியாடி? நீ வரலாம்டான்னு ஒரு வார்த்தை?"

"சொல்ல முடியாதும்மா. அங்க மூணு பதில்தான் இருக்கு. அதுல அது இல்ல."