மஞ்சள் குழாய்க்குப் போட்ட உப்பு

ஆம்பூரில் பாலாற்றுக்குக் காவல் இருந்தேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆற்றில் என்ன இருக்கிறது திருடிக்கொண்டு போக? மணலையும் எப்போதோ லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் நான் காத்தது ஆற்றை இல்லை. இரண்டு பிளாஸ்டிக் குழாயையும் ஒரு பாத்திச் செடியையும்.

தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி இறங்கி என் இரண்டு கையும் பல்லி முதுகு மாதிரி ஆகியிருந்தன. வேலையை விட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மேடம் வந்தார். ஆற்றுத் தண்ணீரை ஆராய்ச்சி செய்கிறவர். பாகாயத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். டேனரிக் கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில், கடலோரத்திலிருந்து கொண்டுவந்த உமரிச் செடியை நட்டிருந்தார். குட்டையான செடி, இலையெல்லாம் சதைப்பற்று. செடிக்கு மேற்பக்கம் ஒரு குழாய், கீழ்ப்பக்கம் ஒரு குழாய். மணலுக்குள் இறக்கி, அதில் ஊறுகிற தண்ணீரை வாரம் ஒரு தடவை மெஷினை விட்டு அளப்பார். யாரும் எதையும் எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள என்னைக் காவலுக்கு வைத்தார்.

"தண்ணியில இருக்கற கெட்டத இந்தச் செடி உறிஞ்சிடும் தாத்தா. மேல ஜாஸ்தியா காட்டணும், கீழ கம்மியா காட்டணும். அப்படிக் காட்டலைன்னா இதுக்கு பர்மிஷன் குடுத்த கமிட்டி இதெல்லாம் பிடுங்கிப் போடச் சொல்லிடும்" என்றார்.

கெட்டது என்றால் எனக்குத் தெரியாதா? சுண்ணாம்பு, சாயம், அந்த நாற்றம். சரி என்று தலையாட்டினேன். ஒரு நாள் ஆடு ஒன்று புகுந்து நாலு செடியைத் தின்றுவிட்டது. அன்று முழுக்க அது தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ஆட்டுக்காரியோடு சண்டை போட்டேன், அவ்வளவுதான்.

மேல் குழாய் டேனரிச் சுவருக்குப் பின்னால் இருந்தது, அங்கே நாய்தான் போகும். கீழ்க் குழாய் நடைபாதை ஓரம், வேப்பமரத்தடியில். இருட்டினால் வண்டிக்காரர்கள் இடித்துவிடுகிறார்கள் என்று மேடம் அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, உச்சியில் சிவப்புத் துணியும் கட்டினார். மறு வாரமே அதன் காலடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மரு, படை, கொப்புளம் வந்தால் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடுவோம். உப்பு கரைகிற மாதிரி வியாதியும் கரைந்துவிடும். ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு பெண் கழுத்து மருவுக்காகக் குழாயடியில் போட்டாள். மரு விழுந்துவிட்டதாம். தோலில் வேலை செய்கிற ஊரில் தோல் வியாதிக்குப் பஞ்சமா? ஒரே மாதத்தில் கூட்டம் வந்துவிட்டது.

நான் ஏன் தடுக்கவில்லை என்று பிறகு கேட்டார்கள். எடுக்கிறவனைத் தடுக்கச் சொன்னார்கள். போடுகிறவனைத் தடுக்கச் சொல்லவில்லையே. மேடம் சர்ச்சுக்குப் போகிறவர், பார்த்தால் மனசு சங்கடப்படும் என்று, அவர் வரும் நாளில் காலையிலேயே மிளகையும் மஞ்சளையும் கூட்டித் தள்ளிவிடுவேன். உப்பு அதற்குள் கரைந்திருக்கும்.

மேடம் முகம் வாரத்துக்கு வாரம் வாடியது.

"மேலவிட கீழ ஜாஸ்தி காட்டுது தாத்தா. புது மெஷின் வாங்கியும் அப்படித்தான். செடி தின்னத கக்குதான்னு கேக்கறாங்க."

"பேஜார் ஆவாதீங்க மேடம். எல்லாம் சரியாப் போய்டும்."

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பாக்கெட் கல்லுப்பு வாங்கினேன். மேடத்துக்கு நல்லபடியாக முடியணும் என்று கும்பிட்டு, குழாயின் மூடியைத் திறந்து முழுசையும் உள்ளேயே கொட்டினேன்.

மூன்று பேர் வந்தார்கள், பாலீஷ் போட்ட ஷூவோடு. மேடம் கீழ்க் குழாயில் மெஷினை விட்டார். அது எண்ணைக் காட்டாமல் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. வந்தவர்களில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இது பாலாறா மெரினாவா?"

"எனக்கே தெரியல சார். இவ்ளோ உப்பு எங்கேந்து வரும்?"

"உப்பா?" என்றேன் நான். "மேடம், இத்தினி நாளா உப்பையா அளந்தீங்க?"

"பின்ன இன்னா தாத்தா?"

"உப்பு எப்படி மேடம் கெட்டதாவும்? பச்சைத்தோலே உப்பு இல்லன்னா அழுகிப்பூடுமே! நான் நேத்துகூட ஒரு பாக்கெட் போட்டேனே!"

"எதுக்கு?"

"நீங்க ஜெயிக்கணும்னு."

மேடம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கையில் உப்புப் பொட்டலத்தோடு வந்தார்கள். அந்தம்மா என்னைப் பார்த்து, "இன்னா பூசாரி, இன்னைக்கு விசேஷமா? ஆபீசருங்கல்லாம் வந்துக்கிறாங்க" என்றாள்.

வழுக்கைக்காரர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் ஆறு மாசம் டைம் கொடுத்தார். ஒரு கல் உப்பு விழக்கூடாது என்றார்.

எப்படி நிறுத்துவது? மறுநாள் நானே சொல்லிப் பார்த்தேன்.

"சாமி உப்பு வாணாம்னு உன்கிட்ட வந்து சொல்லிச்சா?" என்றாள் அதே அம்மா. "சரி, உப்பு வாணாம். ஆளுக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தறோம்."

"ஐயோ, தண்ணியும் வேணாம்மா!" என்று மேடம் கத்தினார். தண்ணீர் ஊற்றினாலும் அளவு கெட்டுவிடுமாம்.

ஒரே வழிதான் இருந்தது. பாதையின் மேட்டுப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் தொடாத இடத்தில், ஓட்டையில்லாத நீல டிரம் ஒன்றைப் புதைத்தோம். அதன் நடுவில் மஞ்சள் அடித்து, சிவப்புத் துணி கட்டின மூன்றாவது குழாய்; போடுகிற உப்பு டிரம்மிலேயே நிற்கும். சாமியை இடம் மாற்றுவதானால் கொண்டுவந்தவர்தான் கூப்பிட வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. மேடம் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பத்தடி தூரம் நடந்தார். உதடு அசைந்தது. எந்தச் சாமியிடம் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை. பழைய குழாய்க்குச் சாம்பல் கலர் அடித்தோம்.

அதற்கப்புறம் நல்ல மழை ஒன்று பெய்து, பழைய உப்பெல்லாம் அடித்துக்கொண்டு போனது. இரண்டு வாரம் விட்டு மேடம் அளந்தார். திரும்ப அளந்தார். மேல் குழாய்க்கு ஓடினார், வந்தார், மூன்றாம் தடவையும் அளந்தார்.

"கம்மி தாத்தா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஆறு மாசமும் கம்மிதான். செடி இருக்கட்டும் என்று கமிட்டி கடிதம் போட்டது. கூடவே ஒரு ஃபாரமும் வந்தது. மேடம் அனுப்பின போட்டோவில் மூன்று குழாய் தெரிகிறதே, மூன்றாவது எதற்கு என்று அதில் ஒரு கட்டம். என்ன எழுதுவது என்று மேடம் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

"தோல் வியாதிக்குன்னு போடுங்க மேடம்" என்றேன்.

அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்.